அவர்கள் சேமிக்கவில்லையா? இந்தியா, இலங்கை தேசியச் சேமிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி

2022 மார்ச் 22ஆம் தேதி இலங்கையிலிருந்து 16 பேர், குழந்தைகளும் சேர்த்து, தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமில் அவர்களைத் தங்கவைத்தார்கள். அதற்கடுத்த மாதங்களில் இன்னும் பலர் வந்தார்கள். போர்க்காலத்தில் வந்தவர்கள் உயிருக்குப் பயந்து வந்தார்கள். இவர்கள் அரிசியும் பால்மாவும் மண்ணெண்ணெயும் விற்ற விலையைத் தாங்க முடியாமல் வந்தார்கள். அந்த நாட்களில் ராமேஸ்வரம், பாம்பன், தொண்டி என்று எங்கே போனாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "அங்க வந்ததையெல்லாம் செலவழிச்சுட்டாங்க. நாம சேத்து வச்சோம், தப்பிச்சோம்." இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. புள்ளிவிவரம் சொல்வது வேறு கதை. அதைப் படிக்கத் தெரிந்தால், அக்கரை மக்களைப் பற்றி இவ்வளவு லேசாகப் பேசமாட்டோம்.

ஒரு நாட்டின் மொத்த தேசியச் சேமிப்பு என்பது என்ன? குடும்பங்கள், கம்பெனிகள், அரசு ஆகிய மூன்று தரப்பின் கைக்கும் ஓர் ஆண்டில் வந்த வருமானத்தில், நுகர்வுக்குப் போனது போக மிஞ்சுவது. மிஞ்சியது வங்கியில் கிடக்கிறதா, நகையாக இருக்கிறதா, படகாக மாறிவிட்டதா என்பது இரண்டாவது கேள்வி. "மொத்த" என்ற சொல்லுக்குப் பொருள், தேய்மானத்தைக் கழிக்கவில்லை என்பது. உப்புக்காற்றில் படகும் இன்ஜினும் எவ்வளவு சீக்கிரம் வீணாகும் என்பது கடற்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தக் கழிவு இந்தக் கணக்கில் இல்லை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு எண் உண்டு: உள்நாட்டுச் சேமிப்பு. நாட்டு எல்லைக்குள் உற்பத்தியானதிலிருந்து நுகர்வைக் கழித்தால் வருவது அது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணத்தையும் அங்கிருந்து வரும் சம்பளம், வட்டி, லாபத்தையும் அதில் கூட்டி, இங்கிருந்து வெளியே போகும் வட்டி, லாபத்தையெல்லாம் கழித்தால் தேசியச் சேமிப்பு.

கீழக்கரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகன் துபாயில் வேலை பார்க்கிறார். மாதம் 40,000 ரூபாய் அனுப்புகிறார். வீட்டில் வேறு வருமானம் இல்லை. அம்மா 30,000 ரூபாயில் குடும்பத்தை நடத்தி, 10,000 ரூபாயை எடுத்துவைக்கிறார். தேசியச் சேமிப்புக் கணக்கில் இந்த வீடு மாதம் 10,000 ரூபாய் சேமிக்கும் வீடு. உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கிலோ அதே வீடு மாதம் 30,000 ரூபாய் சேமிப்பைத் தின்னும் வீடு. ஏனென்றால் செலவு உள்ளே நடக்கிறது, சம்பாத்தியம் எல்லைக்கு வெளியே நடக்கிறது. வீடு ஒன்றுதான், அம்மா ஒருவர்தான், சிக்கனமும் அதேதான். எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் குடும்பம் சிக்கனமாகவும் தெரியும், ஊதாரியாகவும் தெரியும்.

இலங்கை முழுக்க இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குப் போன பெண்கள், கொரியாவுக்கும் இத்தாலிக்கும் போன ஆண்கள், புலம்பெயர்ந்த தமிழர்கள் என்று எல்லாரும் அனுப்பும் பணம் அந்த நாட்டின் பொருளாதாரத்தில் பெரிய பங்கு. 2020இல் அதிகாரபூர்வமாக வந்தது சுமார் 710 கோடி டாலர். அந்த ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இது 8 சதவீதத்துக்கும் மேல். இந்தியாவுக்கு வரும் பணம் தொகையில் உலகத்திலேயே அதிகம், 2022இல் 10,000 கோடி டாலரையும் தாண்டியது. ஆனால் நம் பொருளாதாரத்தின் அளவில் அது 3 சதவீதம்தான். அதனால் இந்தியாவைப் பொறுத்தவரை உள்நாட்டுச் சேமிப்பும் தேசியச் சேமிப்பும் கிட்டத்தட்ட அக்கம்பக்கமாகவே நடக்கின்றன. இலங்கையில் இரண்டுக்கும் நடுவே பல சதவீதப் புள்ளிகள் இடைவெளி. உள்நாட்டுச் சேமிப்பை எடுத்து இரண்டு நாட்டையும் ஒப்பிட்டால், அந்தப் பெண்கள் வளைகுடாவில் பட்ட பாடு முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துபோகும். அதனால்தான் இந்த இரண்டு நாடுகளுக்கு நடுவே தேசியச் சேமிப்பைத்தான் ஒப்பிட வேண்டும் என்கிறேன்.

சரி, அப்படி ஒப்பிட்டாலும் ஒரு சிக்கல் வரும். 2021இல் இலங்கைக்கு வந்த பணம் 550 கோடி டாலருக்கு இறங்கியது. 2022இல் இன்னும் சரிந்து 380 கோடி டாலர். ஆட்கள் வேலையை விட்டுத் திரும்பிவிட்டார்களா? இல்லை. டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று அரசு விலையைப் பிடித்துவைத்திருந்தது. வெளியே அதைவிட நிறையக் கிடைத்தது. அதனால் வங்கியை விட்டுவிட்டு உண்டியலில் அனுப்பினார்கள். உண்டியல் இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயமில்லை: அங்கே ஒருவரிடம் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டில் கொண்டுவந்து தருவார், நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கில் ஒரு காசும் ஏறாது. உண்டியலில் வந்த பணத்தில் வாங்கிய அரிசியும் மருந்தும் நுகர்வுக் கணக்கில் ஏறிவிடும். பணம் வந்தது மட்டும் வருமானத்தில் ஏறாது. ஆகவே, காகிதத்தில் தேசியச் சேமிப்பு உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்தமாதிரி தெரியும். ரூபாயின் விலையைச் சந்தையிடம் விட்டு, நிலைமை கொஞ்சம் தெளிந்த பிறகு 2023இல் வங்கிவழி வந்த பணம் மறுபடியும் 600 கோடி டாலரை நெருங்கியது.

காலப்போக்கில் எப்படி மாறியது

பழைய கதைக்குப் போனால் ரூபாயை ரூபாயோடு ஒப்பிடுவதில் உள்ள ஆபத்து நன்றாகப் புரியும். 1949இல் மதிப்பைக் குறைத்த பிறகு இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சமமாக இருந்தன. இரண்டுமே ஒரு டாலருக்கு 4.76. 1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா தன் ரூபாயை 7.50க்கு இறக்கியது. ஒரே நாளில் ஒரு சிலோன் ரூபாய்க்கு ஒன்றரை இந்திய ரூபாய்க்கு மேல் மதிப்பு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் இலங்கையும் 20 சதவீதம் குறைத்தது. தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் கப்பல் ஓடிய காலம் அது. இன்று நிலைமை தலைகீழ். ஒரு இந்திய ரூபாய்க்கு இலங்கை ரூபாய் 3லிருந்து 4க்கு மேல் வரை இந்தச் சில ஆண்டுகளில் போயிருக்கிறது. 60 ஆண்டுச் சேமிப்பைப் பணமாக ஒப்பிட்டால் நாணய மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்ப்போம், மக்களின் பழக்கத்தைப் பார்க்கமாட்டோம். அதனால்தான் மொத்த உற்பத்தியில் அல்லது தேசிய வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று எடுக்கிறார்கள்.

அந்தச் சதவீதத்தில் இந்தியாவின் பாதை இது: 1950-51இல் சுமார் 10 சதவீதம் அல்லது அதற்குச் சற்றுக் கீழே. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, கிளைகள் கிராமம் கிராமமாகப் போனபின் குடும்பச் சேமிப்பு ஏறியது. 2003க்குப் பிறகு கம்பெனி லாபமும் வரி வருவாயும் கூடவே, 2007-08இல் சுமார் 37 சதவீதத்தைத் தொட்டது. அதற்கப்புறம் இறங்கி, சமீப ஆண்டுகளில் 30 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இலங்கை பெரும்பாலான ஆண்டுகளில் இந்தியாவுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் கீழே என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சுதந்திரம் கிடைத்தபோது இலங்கை இந்தியாவைவிட வசதியான நாடு. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், கூப்பன் அரிசி என்று மக்களுக்குச் செலவழித்தது. தேசியக் கணக்கில் ஆசிரியர் சம்பளமும் நர்ஸ் சம்பளமும் அரசின் நுகர்வு. பள்ளிக் கட்டடம் முதலீடு, உள்ளே பாடம் நடத்துபவருக்குக் கொடுப்பது செலவு. படிப்பில் பணம் போட்ட நாடு சேமிப்பில் பின்தங்கியதாகத் தெரிவது இந்தக் கணக்கு முறையின் குறை. உலக வங்கி திருத்திய நிகர சேமிப்பு என்று வேறொரு கணக்கும் வைத்திருக்கிறது. அதில் கல்விச் செலவைக் கூட்டி, தேய்மானத்தையும் இயற்கை வளம் குறைவதையும் கழிக்கிறார்கள். எழுத்தறிவிலும் ஆயுட்காலத்திலும் பல தலைமுறையாக நம்மைவிட முன்னால் நிற்கும் நாட்டை எடைபோட அந்தக் கணக்கையும் கூடவே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். 1983 முதல் 2009 வரை நடந்த போர் அரசின் செலவை எங்கே கொண்டுபோனது என்பதையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சங்கடம், கணக்கிடும் முறையே இரு நாட்டிலும் ஒன்றல்ல. இந்தியாவின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, இலங்கையின் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர். விலைகளை ஒப்பிட அளவுகோலாக வைக்கும் அடிப்படை ஆண்டை மாற்றும்போதெல்லாம் பழைய எண்களும் நகர்கின்றன. இந்தியா குடும்பம், கம்பெனி, அரசு என்று தரப்பு வாரியாகச் சேமிப்பை மதிப்பிடுகிறது. இலங்கையில் பெரும்பாலும் வருமானத்திலிருந்து நுகர்வைக் கழித்து மிஞ்சியதையே சேமிப்பு என்று எடுக்கிறார்கள், நுகர்வு மதிப்பீட்டில் ஏற்படும் பிழை முழுவதும் சேமிப்பின் தலையில் விழும். ஓரிரு சதவீத வித்தியாசத்தை வைத்து யார் உசத்தி என்று பேசுவதில் அர்த்தமில்லை.

கரையில் நடப்பது கணக்கில் எப்படி ஏறுகிறது

எண்கள் இருக்கட்டும். கடற்கரை ஊரில் "சேத்து வைக்கிறது" என்று நாம் சொல்வதில் எவ்வளவு தேசியச் சேமிப்பு?

ஒருவர் ஃபைபர் படகும் இன்ஜினும் 3 லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைப்போம். கையில் 1 லட்சம், மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் 2 லட்சம். தேசியக் கணக்கில் சொந்தத் தொழில் செய்பவரும் குடும்பம் என்ற பிரிவுக்குள்தான் வருகிறார். அதனால் படகு அந்தக் குடும்பத்தின் பொருள்வடிவச் சேமிப்பு: 3 லட்சம் வரவு. முன்பணம் கடன்: 2 லட்சம் பற்று. சேமிப்பு 1 லட்சம். பழைய இன்ஜினை ரிப்பேர் பார்த்து, பெயின்ட் அடித்திருந்தால் அது தொழில் செலவு, சேமிப்பில் வராது.

ஏலச்சீட்டு பிடிப்பவர்கள் இதைக் கேட்டால் வருத்தப்படலாம், ஆனால் சீட்டில் கட்டும் பணம் நாட்டளவில் தானாகவே சேமிப்பாகிவிடுவதில்லை. இன்று கட்டும் 20 பேரின் வரவு, இன்று எடுத்த ஒருவரின் கடன். எடுத்தவர் அதைக் கல்யாணச் சாப்பாட்டில் செலவழித்தால் 20 பேரின் சிக்கனம் நிகரில் ஒன்றுமில்லாமல் போகும். அவர் வலை வாங்கினால், வீடு கட்டினால், நிற்கும். நிலமும் அப்படித்தான். ராமேஸ்வரம் தீவில் ஒருவர் மனை வாங்கினால் இன்னொருவர் விற்றிருக்கிறார். ஒருவர் சொத்து நிலமாயிற்று, மற்றவர் சொத்து பணமாயிற்று. நாட்டின் சேமிப்பு அப்படியே இருக்கிறது. மனை விலை ஏறியது லாபம்தான், ஆனால் அது யாரும் வருமானத்திலிருந்து மிச்சம் பிடித்ததில்லை என்பதால் இந்தக் கணக்கில் இடமில்லை. நகை விஷயத்தில் இந்தியாவின் 2011-12 அடிப்படை ஆண்டு வரிசை தங்கம், வெள்ளி நகைகளைக் குடும்பச் சேமிப்பில் தனியாகவே காட்டுகிறது.

மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 போட்டு, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் தருகிறார்கள். பெயரில் சேமிப்பு இருக்கிறது. தேசியக் கணக்கில் பார்த்தால் அரசின் 3,000 ரூபாய் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய பணம், அரசுச் சேமிப்பு அந்த அளவு குறைகிறது. மீனவர் கட்டியதும் அந்த ஆண்டுக்குள்ளேயே அரிசியாகிவிடும். ஆண்டு முடிவில் நாட்டுக் கணக்கில் சேமிப்பாக நிற்பது எதுவுமில்லை. அதற்காக இந்தத் திட்டத்தைக் குறைத்து மதிப்பிட முடியுமா? மீன் கிடைக்காத மாதத்தில் வட்டிக்காரரிடம் போகாமல் ஒரு குடும்பம் தாக்குப்பிடிக்கிறது. தேசியச் சேமிப்பு விகிதம் அதைக் காட்டாது. அது அந்த எண்ணின் வேலையும் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது இழப்புக் கணக்கு. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன நம் விசைப்படகுகள் யாழ்ப்பாணப் பக்கம் மயிலிட்டியிலும் காரைநகரிலும் கிடந்து மட்குகின்றன. ஒரு குடும்பத்தின் பத்து வருட உழைப்பு அப்படிக் கிடக்கும். ஐநாவின் தேசியக் கணக்கு நெறிமுறைப்படி, ஈடு கொடுக்காமல் பறிமுதலான சொத்தும் பேரிடரில் அழிந்த சொத்தும் சேமிப்பிலிருந்து கழிக்கப்படுவதில்லை. அவை சொத்து அளவில் ஏற்பட்ட வேறு மாற்றங்கள் என்ற தனிக் கணக்குக்குப் போகின்றன. படகைப் பறிகொடுத்த வருடத்திலும் அந்தக் குடும்பம் சேமித்த குடும்பமாகவே நிற்கும். வடமாகாணத்து மீனவரின் வலையை இங்கிருந்து போன இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனால், அந்த இழப்பும் அப்படித்தான் காணாமல் போகும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ஊரே கடலுக்குள் போனது, 2004இல் சுனாமி இலங்கையின் கிழக்கையும் தெற்கையும் துடைத்தெடுத்தது. இரண்டுமே சேமிப்பு வரைபடத்தில் பள்ளமாகத் தெரியாது. இரு கரையிலும் எத்தனை தடவை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள் என்பதை அறிய வேறு புள்ளிவிவரம் பார்க்க வேண்டும்.

யார் சேமித்தார்கள், யார் தின்றார்கள்

தேசியச் சேமிப்பு மூன்று தரப்பின் கூட்டுத்தொகை என்று முதலில் சொன்னேன். இலங்கையில் குடும்பங்களும் கம்பெனிகளும் சேமித்தார்கள். அரசு பல ஆண்டுகளாக வருவாயைவிட அதிகமாக அன்றாடச் செலவு செய்தது. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், வேறு வரிகளையும் தளர்த்தினார்கள். அடுத்து கொரோனா வந்து சுற்றுலாவைப் படுக்கவைத்தது. 2021இல் அரசின் வருவாய் மொத்த உற்பத்தியில் சுமார் 8 சதவீதம்தான். மக்கள் மிச்சம் பிடித்ததை அரசின் வருவாய்ப் பற்றாக்குறை தின்றுகொண்டிருந்தது. போதாததற்கு 2007 முதல் வெளிச்சந்தையில் டாலர் பத்திரம் விற்றுக் கடன் வாங்கியிருந்தார்கள். உள்ளூர் மக்களின் ரூபாய்ச் சேமிப்பு எவ்வளவு இருந்தாலும், டாலர் கடனுக்கு டாலர்தான் வேண்டும். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிக்கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

இந்தியாவிலும் அரசு வருவாய்ப் பற்றாக்குறையில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. வித்தியாசம், நம் அரசுக் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்ளூர் வங்கிகளிடமும் எல்ஐசி போன்ற நிறுவனங்களிடமும் இருக்கிறது. அதாவது குடும்பச் சேமிப்புதான் சுற்றிவந்து அரசுக்குக் கடனாகப் போகிறது. கீழக்கரைக்காரர் சிக்கனமானவர், மன்னார்க்காரர் ஊதாரி என்பதற்கு இதில் எங்கேயும் ஆதாரமில்லை.

சேமித்தவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வங்கியில் போட்டுவைத்த ரூபாயின் வாங்கும் சக்தி கண்முன்னே கரைந்தது. 2023இல் அரசு உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றியமைத்தபோது, தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதியிடம் (நம்மூர் பிஎஃப் மாதிரி) இருந்த பத்திரங்களை, 2026 வரை 12 சதவீதமும் அதற்குப் பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய பத்திரங்களாக மாற்றினார்கள். வங்கிகளை அதில் சேர்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் மாதாமாதம் பிடித்த பணம் அது. சேமிக்காததால் கெட்டார்கள் என்று சொல்பவர்கள் இந்த ஒன்றையாவது தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

2022 மே மாதம் தமிழ்நாடு அனுப்பிய அரிசி, பால்மா, மருந்து ஆகியவை இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன என்பதும் கவனிக்க வேண்டியது. நன்கொடை என்பதால் அது இலங்கையின் செலவிடத்தக்க தேசிய வருமானத்தில் கூடுகிறது. உடனே உணவாகிவிடுவதால் சேமிப்பில் மாற்றமில்லை. மத்திய அரசு எரிபொருளுக்கும் உணவுக்கும் கொடுத்த கடன்வசதி வருமானமே இல்லை, திருப்பித் தர வேண்டிய பாக்கி.

சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வருவதுதான் ஒரு நாட்டின் நடப்புக் கணக்கு. முதலீடு அதிகமாக இருந்தால் அந்தப் பள்ளத்தை வெளியாரின் பணம்தான் நிரப்ப வேண்டும். இந்தியாவில் 2012-13இல் அந்தப் பள்ளம் மொத்த உற்பத்தியில் 4.8 சதவீதம் வரை போய்ப் பயமுறுத்தியது, பிறகு குறைந்தது. இலங்கை 2023இலும் 2024இலும் நடப்புக் கணக்கில் உபரி காட்டியது. கேட்க நல்ல செய்தி. ஆனால் அந்த உபரியில் ஒரு பகுதி, வெளிநாட்டுப் பணமும் சுற்றுலாவும் மீண்டதால் வந்தது. இன்னொரு பகுதி, கட்டட வேலையும் இயந்திர இறக்குமதியும் படுத்துக்கிடந்ததால் வந்தது. முதலீடு மறுபடி எழும்போது உபரி சுருங்கும். அப்போது மறுபடியும் ஊதாரித்தனம் என்று பேச ஆரம்பித்துவிடக் கூடாது. கடன் எந்த நாணயத்தில் வருகிறது, எதில் போய் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் பார்க்க வேண்டியதும் இருக்கிறது. இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வங்கி, இன்சூரன்ஸ், பிஎஃப் போன்றவற்றில் போட்டதிலிருந்து வாங்கிய கடனைக் கழித்தது, 2020-21இல் மொத்த உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. கொரோனா காலத்தில் செலவழிக்க வழியில்லாத வருடம் அது. 2022-23இல் அதுவே சுமார் 5 சதவீதத்துக்கு இறங்கியது, பல பத்தாண்டுகளில் காணாத அளவு. கணக்கில் போடும் பணம் நின்றுவிடவில்லை, கடன் வேகமாக ஏறியது. அதில் ஒரு பகுதி வீடாக மாறியிருக்கிறது, அது பொருள்வடிவச் சேமிப்பாகத் திரும்பக் கணக்கில் சேரும். நகையை அடகு வைத்து மருத்துவமனைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கொடுத்த பகுதி அப்படித் திரும்பாது. 30 சதவீதம் என்ற மொத்த எண்ணுக்குள் இந்த இரண்டும் எவ்வளவு எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆண்டும் குடும்பப் பிரிவின் அட்டவணையில்தான் தேட வேண்டும்.